சுருதி சேரவில்லையா? எழுந்து போகாதே!

"எனக்குச் சங்கீதம் வராது!"

யார் சொன்னது? எந்த நீதிமன்றம் எழுதிய தீர்ப்பு அது?

நீயே வழக்குப் போட்டாய். நீயே சாட்சி சொன்னாய். நீயே தீர்ப்பும் எழுதிக்கொண்டு எழுந்து போய்விட்டாய்!

குரல் சரியில்லை. விரல் வளையவில்லை. வீட்டில் யாருக்கும் பாட்டு தெரியாது. வயதாகிவிட்டது. நேரமில்லை. எத்தனை சாக்கு! இத்தனையும் யோசித்த நேரத்தில் ஒரு கீதம் பாடமாகியிருக்குமே!

நேராகவே கேட்கிறேன். நீ எழுந்து போனது எந்த இடத்தில்?

எல்லாம் இனிமையாகப் போய்க்கொண்டிருந்த இடத்திலா? இல்லை. விரல் ஸ்வரத்தில் விழாத இடத்தில். சுருதி சேராத இடத்தில். ஒரு சின்னப் பிசகு உன்னை முறைத்துப் பார்த்த இடத்தில்.

ஐயோ, அதுதானே உட்கார வேண்டிய இடம்!

ஸ்வரத்தை எழுதும் முறை, பியானோ, மேளகர்த்தா, நீ கேட்டு மயங்கும் நாகஸ்வரம் எல்லாம் எங்கிருந்து வந்தன? சேராத இடத்தில் எழுந்து போகாமல் உட்கார்ந்தவர்களிடமிருந்து வந்தன.

நம்பிக்கை வரவில்லையா? வா, ஒரு கணக்கில் தொடங்குவோம். கணக்கென்றதும் பயப்படாதே. பெருக்கல் தெரிந்தால் போதும்.

ஒரு தந்தியை மீட்டு. அது ச. அதில் பாதி நீளத்தை மீட்டு. மேல் ச. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை மீட்டு. ப!

கிரேக்கர்கள் பித்தாகோரஸின் பெயரால் சொன்னதும் இதைத்தான். சீனத்தில் மூங்கில் குழல் வெட்டியவர்கள் கண்டதும் இதைத்தான். நம் பழைய இசைத்தமிழில் குரலும் (ச) இளியும் (ப) உறவாடுவதும் இந்தக் கணக்கில்தான்.

இப்போது அந்தப் ப-வையே ச என்று வைத்துக்கொள். அதற்கு ஒரு ப. அந்தப் ப-வுக்கு இன்னொரு ப. இப்படிப் பன்னிரண்டு முறை ஏறு. ஏழு ஸ்தாயி கடந்து, புறப்பட்ட அதே ச-வில் வந்து நிற்க வேண்டும்.

நிற்கிறதா? நிற்கவில்லை!

பாதி நீளத்தில் அதிர்வு 2 மடங்கு. மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் ஒன்றரை மடங்கு. ஏழு ஸ்தாயி என்றால் 2-ஐ ஏழு முறை பெருக்க வேண்டும்: 128. பன்னிரண்டு ப, அதாவது பன்னிரண்டு பஞ்சமம் என்றால் ஒன்றரையைப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும்: 129.746. சேரவில்லை!

வித்தியாசம் எவ்வளவு? நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. ஆனால் காது மன்னிக்குமா? அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவே உள்ள தூரத்தில் ஏறத்தாழக் கால் பங்கு அது. கேட்டவுடன் முகம் சுளிக்க வைக்கும்.

இந்தச் சின்னப் பிசகு மனிதர்களை இரண்டாயிரம் ஆண்டு தூங்க விடவில்லை. இரண்டாயிரம் ஆண்டு! நீ எத்தனை நாள் உட்கார்ந்தாய்?

கி.மு. முதல் நூற்றாண்டில் ஜிங் ஃபாங் என்ற சீன அறிஞர் என்ன செய்தார் தெரியுமா? பன்னிரண்டில் சேரவில்லையா, சரி, மேலே போவோம் என்றார். அறுபது ஸ்வரம் வரை கணக்குப் போட்டுக்கொண்டே போனார்.

சேர்ந்ததா? இல்லை. 53-ஆவது படியில் மிக மிக நெருங்கியது. தொடவில்லை.

தோல்வியா? அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அது வழிகாட்டிக் கல். இந்தப் பாதையில் எவ்வளவு நடந்தாலும் ஊர் வராது, வேறு பாதை தேடு என்று எழுதி வைத்துவிட்டுப் போன கல்.

வேறு பாதையைத் தேடியவர் ஓர் இளவரசர். பெயர் சூ ட்சாய்யூ. பிறந்தது 1536-இல், மிங் அரச குலத்தில்.

இளவரசர் என்றதும் உன் நாக்கு துடிக்கிறது, எனக்குத் தெரியும். "அவருக்கென்ன, அரண்மனை, சோறு, ஓய்வு!" பொறு. முழுவதையும் கேள்.

தந்தை பேரரசரின் போக்கைக் கண்டித்து எழுதினார். பட்டம் பறிபோனது. சிறைக்குப் போனார். மகனுக்கு அப்போது மீசைகூட முளைத்திராது.

மகன் அரண்மனைக்கு வெளியே ஒரு மண் வீட்டைக் கட்டிக்கொண்டு அதில் குடியேறினார். தந்தை மீளும்வரை அரண்மனைக்குள் கால் வைக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டு!

இளமை முழுவதும் மண் சுவர்களுக்குள். துணைக்குக் கணிதமும் இசையும்.

நினைத்துப்பார். அநியாயமாகச் சிறைபோன தந்தை. பறிக்கப்பட்ட வாழ்க்கை. புலம்புவதற்கு அவருக்கு உன்னைவிடப் பெரிய காரணம் இருந்ததா இல்லையா?

1584-இல் விடை வந்தது. என்ன விடை!

ப-வைப் பன்னிரண்டு முறை அடுக்குவதை விட்டுவிடு. ச-வுக்கும் மேல் ச-வுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சரிசமமாகப் பன்னிரண்டாகப் பிரி. எந்த எண்ணைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் சரியாக 2 வருமோ, அந்த எண்தான் ஒவ்வொரு படிக்கும் அளவு.

சொல்வது சுலபம். அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? கால்குலேட்டரா இருந்தது? மணிச்சட்டம்தான்! 2-க்கு வர்க்கமூலம் எடுத்தார். அதற்கு மறுபடி வர்க்கமூலம். அதற்குக் கனமூலம். 1.059463 என்று தொடங்கும் எண். மொத்தம் 25 இலக்கம் வரை கணக்கிட்டார்!

25 இலக்கம்! எந்தக் காதுக்கும் ஐந்தாறு இலக்கமே அதிகம். பிறகு எதற்கு 25? தன் வேலையில் ஒரு துளி சந்தேகமும் மிஞ்சக் கூடாது என்ற வெறி. அந்த வெறி உன்னிடம் இருக்கிறதா?

அந்தப் பிசகு எங்கே போனது? எங்கும் போகவில்லை. பன்னிரண்டு பஞ்சமங்களும் அதைச் சமமாகச் சுமந்தன. ஒவ்வொன்றும் மிகச் சிறிதாக விட்டுக்கொடுத்தது. எதுவும் முகம் சுளிக்க வைக்கவில்லை.

ஊர் மெச்சியதா? இல்லை. நூலைப் பேரரசரிடம் சமர்ப்பித்தார். கண்டுகொள்வார் இல்லை. தந்தைக்குப் பின் கைக்கு வந்த பட்டத்தையும் வேண்டாமென்று மீண்டும் மீண்டும் எழுதி உதறிவிட்டு, வேலையைப் பார்த்தார்.

இன்று எந்தக் கடையிலும் ஒரு கீபோர்டை எடுத்துப் பார். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே இருப்பது அந்த எண். கிட்டாரின் ஒவ்வொரு ஃப்ரெட்டுக்கும் நடுவே இருப்பது அந்த எண். ஐரோப்பாவிலும் ஏறத்தாழ அதே காலத்தில் சைமன் ஸ்டெவின் தனியாக அதே எண்ணைத் தேடிப் போனார்.

பாராட்டு வரவில்லை என்று நீ எதை விட்டாய்? யோசி.

அடுத்தவரிடம் போவோம். கீதோவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். அவர்மீது அல்ல, அவரைத் துரத்தியவர்கள்மீது.

ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிடோர் என்ற பேரறிஞர் இசையைப் பற்றி ஒரு முடிவு சொல்லிவிட்டுப் போனார். மனித நினைவில் நின்றால்தான் ஒலி பிழைக்கும், இல்லையேல் அழியும், ஏனென்றால் அதை எழுத முடியாது என்றார்.

எழுத முடியாது! எவ்வளவு பெரிய மனிதர் சொன்ன வார்த்தை! நம்பித்தானே ஆகவேண்டும்?

நம் புதுக்கோட்டைச் சீமைக்கு வா. குடுமியான்மலையில் ஒரு பாறை. ஏறத்தாழ அதே காலம். அதில் ஸ்வர எழுத்துகள் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன! ருத்ராசாரியரின் சீடனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காக வெட்டச்செய்தது. அந்த வாசகமும் அங்கேயே இருக்கிறது.

ஒருவர் முடியாது என்று எழுதி முடித்த காலத்தில், இன்னோர் ஊரில் இன்னொருவர் உளியைக் கையில் எடுத்திருக்கிறார். இனி யாராவது உன்னிடம் "முடியாது" என்றால், குடுமியான்மலையை நினைத்துக்கொள்!

ஐரோப்பாவில் துறவிகள் ஏதோ குறித்துத்தான் பார்த்தார்கள். சொல்லுக்கு மேலே சின்னச் சின்னக் கோடுகள், புள்ளிகள். மெட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். எவ்வளவு ஏறுகிறது? தெரியாது! குருவின் வாயைப் பார்த்தால்தான் உண்டு.

பத்தாண்டு படித்தாலும் புதுப்பாட்டு ஒன்றைத் தானே பாட ஒரு பாடகனுக்கும் தெரியவில்லை என்று பதினோராம் நூற்றாண்டில் ஒரு துறவி கொதித்தார். அவர்தான் கீதோ. இத்தாலியின் பொம்போசா மடத்தில் இருந்தவர்.

கொதித்தவர் சும்மா இருக்கவில்லை. கோடு கிழித்தார். கோட்டின்மேல் ஒரு ஸ்வரம், இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு ஸ்வரம். ஒரு கோட்டுக்குச் சிவப்பு, ஒரு கோட்டுக்கு மஞ்சள். எங்கே நிற்கிறோம் என்று கண்ணுக்கே தெரிந்தது!

பிறகு ஒரு வழிபாட்டுப் பாட்டை எடுத்தார். அதன் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிட ஒரு ஸ்வரம் மேலே தொடங்கும். அந்த அடிகளின் முதல் அசைகளையே ஸ்வரங்களுக்குப் பெயராக்கினார். உத், ரே, மீ, ஃபா, சோல், லா.

மாலை போட்டார்களா? பொறாமைப்பட்டார்கள்! கூட இருந்த துறவிகளின் கசப்பு தாங்காமல் மடத்தை விட்டே போக வேண்டியதாயிற்று.

போனார். எங்கே? மூலையில் உட்கார்ந்து அழவா? அரெட்ஸோ நகரத்துக்குப் போய், தேவாலயத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பத்தாண்டில் வராதது ஓராண்டில், மிஞ்சினால் இரண்டாண்டில் வந்தது. கி.பி. 1026-ஐ ஒட்டி நூலும் எழுதினார்.

செய்தி ரோமாபுரி போனது. போப்பாண்டவர் பத்தொன்பதாம் யோவானே அழைத்தார். ஏட்டைப் புரட்டினார். தான் முன்பு கேட்டே இராத ஓர் அடியைத் தானே பாடிப் பார்த்தார். வந்துவிட்டது! போப்பாண்டவர் அசந்துபோனார்.

துரத்தப்பட்ட மனிதனின் நான்கு கோடு! இன்று உலகெங்கும் மேற்கத்திய இசை எழுதப்படுவது அதன் வழிவந்த ஐந்து கோட்டில்.

உன்னை யாரோ கேலி செய்தார்கள் என்றுதானே பாட்டு வகுப்பை விட்டாய்? கேலிக்கு அஞ்சிக் கீதோ கோட்டை அழித்திருந்தால்?

இப்போது ஒரு கருவியின் கதை. தோல்வி என்றால் என்ன, அதை என்ன செய்ய வேண்டும் என்று என்னை யாராவது கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

ஹார்ப்சிகார்ட் என்றொரு கருவி. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன இறகுமுனை தந்தியைச் சுண்டும். அழகான நாதம். ஒரே குறை. மெல்ல அழுத்தினாலும் அதே ஒலி, ஓங்கி அழுத்தினாலும் அதே ஒலி. கையின் உணர்ச்சி தந்திக்குப் போகாது!

இத்தாலியின் பதுவா நகரத்தவர் பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. ஃபுளோரன்ஸின் மெதிச்சி இளவரசரிடம் கருவி செய்யும் வேலை. சுண்டுவதை விட்டு, சுத்தியலால் தட்டினால் என்ன என்று இறங்கினார்.

தட்டுவதுதானே என்கிறாயா? தட்டிய சுத்தியல் தந்திமேலேயே நின்றால் நாதம் செத்துவிடும். விரல் இன்னும் கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும்போதே சுத்தியல் தானாக விலகி விழ வேண்டும். விரலைத் தூக்கியதும் ஒலி அடங்க வேண்டும். அடுத்த தட்டுக்கும் உடனே தயாராக வேண்டும். இத்தனையும் மரத்திலும் தோலிலும்!

செய்தார். 1700-ஆம் ஆண்டின் மெதிச்சி அரண்மனைப் பொருள் பட்டியலில் அந்தக் கருவி ஏறிவிட்டது. மென்மையும் வன்மையும் இரண்டும் பேசும் கருவி, பியானோ!

உலகம் எழுந்து நின்று கைதட்டியதா? ஒலி மந்தமாக இருக்கிறது என்று குறை சொன்னார்கள். அவருக்குப் பின் இத்தாலியே ஏறத்தாழ அவரை மறந்தது. அவர் கையால் செய்ததில் இன்று மிஞ்சியவை மூன்றே பியானோக்கள். 1720, 1722, 1726-ஆம் ஆண்டுகளில் செய்தவை.

ஆனால் அந்தக் கருவியைப் பற்றி ஒருவர் எழுதிய கட்டுரை ஜெர்மன் மொழிக்குப் போனது. அங்கே காட்ஃபிரீட் சில்பர்மான் அந்த வழியில் பியானோ செய்தார். செய்து யாரிடம் காட்டினார் தெரியுமா? பாக்கிடம்! யொஹான் செபாஸ்டியன் பாக்!

பாக் வாசித்துப் பார்த்தார். நாதத்தை மெச்சினார். ஆனால் மேல் ஸ்தாயி பலவீனம், கட்டை கனம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

சில்பர்மானுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வராதா? ஆண்டுக்கணக்கான உழைப்பு! ஆனால் கோபப்பட்ட மனிதர் பட்டறையை மூடவில்லை. பாக் சொன்னது உண்மை என்று அவர் மனத்துக்குத் தெரியும். கருவியை விற்பதை நிறுத்தினார். மீண்டும் பிரித்தார். மீண்டும் கோத்தார். பல ஆண்டு!

திருத்திய கருவியை மறுபடி பாக்கிடமே கொண்டுபோனார். இம்முறை பாக்கின் முழுச் சம்மதம் கிடைத்தது. 1747-இல் போட்ஸ்டாம் அரண்மனையில், பிரஷ்ய மன்னர் பிரெடரிக்கின் முன்னால் பாக் வாசித்தது சில்பர்மானின் பியானோக்களில்தான்.

குறை சொன்னவரிடமே திரும்பப் போனாரே! அந்தத் துணிவைக் கவனித்தாயா? நீ என்ன செய்கிறாய்? குறை சொன்னவரின் தெருப்பக்கமே போவதில்லை!

அந்தப் பாக்கும் பொன் தொட்டிலில் வளர்ந்தவரா? பத்து வயதில் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அண்ணன் வீட்டில் வளர்ந்தார். பூட்டி வைத்த இசை ஏட்டை இரவில் எடுத்து, நிலா வெளிச்சத்தில் ஆறு மாதம் நகல் எடுத்தார். அண்ணன் கண்டுபிடித்து நகலைப் பிடுங்கிக்கொண்டார்.

இருபது வயதில் பக்ஸ்டஹூட என்ற மேதையின் வாசிப்பைக் கேட்க ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து லூபெக் வரை நடந்தே போனார். ஏறத்தாழ 400 கிலோமீட்டர்! உன் பாட்டு வகுப்பு எத்தனை தெரு தள்ளி இருக்கிறது?

1722-இல் அதே பாக் 24 சுருதிநிலைகளிலும் ஒவ்வொரு ஜோடி உருப்படி எழுதித் தொகுத்தார். நாம் கணக்குப் போட்டோமே, அந்தச் சேராத பஞ்சமம், அதை எப்படிப் பங்கிட்டுத் தந்தி கூட்டினால் எல்லாச் சுருதியிலும் வாசிக்கலாம் என்று அந்தக் காலத்தார் கண்ட வழிகளின் பலன் அது. முகப்பில் யாருக்கென்று எழுதினார்? கற்க விரும்பும் இளைஞர்களுக்கென்று!

பீத்தோவன் காது கேளாமல் எழுதினார் என்று உனக்கு ஆயிரம் பேர் சொல்லியிருப்பார்கள். நான் காட்ட விரும்புவது அவருடைய குறிப்பேடுகளை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் மிஞ்சியிருக்கின்றன. அடித்தல், திருத்தல், மறுபடி அடித்தல்!

1824-இல் வியன்னாவில் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியின் கடைசிப் பகுதி மெட்டு, பள்ளிப் பிள்ளையும் பாடக்கூடியது. அத்தனை எளிது. அந்த எளிமைக்கு வந்து சேர எத்தனை முறை மாற்றி மாற்றி எழுதினார் என்பதற்கு அந்தப் பக்கங்களே சாட்சி. முதல் முறையே சரியாக வரவில்லை என்று நீ ஏன் குறுகிப்போகிறாய்?

சரி, "அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை" என்பாய். காவிரிக் கரைக்கே வருகிறேன்.

அன்றைய தஞ்சை மாவட்டத்துத் திருவாவடுதுறை. டி.என். ராஜரத்தினம் பிள்ளை. நாகஸ்வரச் சக்கரவர்த்தி! அவர் தோடிக்கு விடிய விடிய உட்கார்ந்திருந்த ஊர்கள் எத்தனை!

அவர் கைக்கு வந்தபோது கருவியில் ஒரு குறை. சுத்த மத்திமம் நினைத்தபடி நிற்கவில்லை. ஒரே ஒரு ஸ்வரம்! மற்றவர்கள் அதைச் சமாளித்து வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவரும் சமாளித்திருக்கலாம். கூட்டம் குறைந்திருக்குமா?

அவர் சமாளிக்க மறுத்தார்! நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு உட்கார்ந்தார். ஆச்சா மரத்துக் குழலின் நீளத்தை, துளையை, அளவை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். குட்டையான திமிரிக்குப் பதில் நீண்ட பாரி நாகஸ்வரம் நின்றது. சுத்த மத்திமம் கணீரென்று விழுந்தது.

இன்று மேடைகளில் ஒலிப்பது அந்த வழிக் கருவி. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு ஸ்வரத்தை விட்டுக்கொடுக்காத இருவர் செய்த வேலை!

உன் வாழ்க்கையில் நீ சமாளித்துக்கொண்டு போகும் அந்த ஒரு ஸ்வரம் எது?

வயலினைப் பார். அயல்நாட்டுக் கருவி. சென்னைக்கு வந்த ஐரோப்பியர் நின்றுகொண்டு வாசித்தது. பாலுஸ்வாமி தீட்சிதர் அதைக் கற்றார். நம் வித்வான்கள் சப்பணமிட்டு உட்கார்ந்தார்கள், அதன் தலையைக் காலில் தாங்கினார்கள், ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்குக் கையை விடுவித்தார்கள். முடிந்தது! இன்று அது இல்லாத கச்சேரி உண்டா?

சாக்ஸபோன் செய்த அடால்ஃப் சாக்ஸ் மூன்று முறை திவாலானார். 1894-இல் பாரிஸில் வறுமையில் இறந்தார். சரியாக நூறாண்டு கழித்து, 1994-இல், லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அந்தக் கருவியில் கர்நாடக இசை பொழிந்தது. வாசித்தவர் மங்களூர்ப் பக்கத்து கத்ரி கோபால்நாத். கட்டைகளால் கட்டுண்ட அந்தக் கருவியில் கமகம் வராது என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்!

"எங்கள் பரம்பரையில் இசை இல்லை" என்று முனகுகிறாயே, ஆபிரகாம் பண்டிதரைத் தெரியுமா?

1859-இல் தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர். பிறகு தஞ்சாவூரில் சித்த மருத்துவர். மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தை எதில் போட்டார்? இசை ஆராய்ச்சியில்! 1912 முதல் சொந்தச் செலவில் வித்வான்களை அழைத்து மாநாடு கூட்டினார்.

எதைப் பேச? அதே கணக்கை! ச-ப, ச-ப என்று அடுக்கினால் எங்கே போய் நிற்கிறது? ஸ்தாயிக்கு 22 சுருதி என்கிறார்களே, அது சரிதானா? பக்கம் பக்கமாக எண் போட்டார். சிலப்பதிகாரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஆயப்பாலையில் 12, வட்டப்பாலையில் 24 என்று சமமாகப் பிரித்துக் காட்டினார்.

சீனத்து மண் வீட்டில் ஓர் இளவரசர் உட்கார்ந்த அதே கணக்கின் முன், முந்நூறு ஆண்டு கழித்துத் தஞ்சாவூரில் ஒரு மருத்துவர்!

1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்கே போனார். அவர் குடும்பத்துப் பெண்கள் வீணையில் வாசித்துக் காட்ட, தன் முடிவை எடுத்து வைத்தார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்களா? இல்லை. இன்றும் அவர் முடிவோடு உடன்படாதவர்கள் உண்டு.

அதனால் என்ன? 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய நூல்! தமிழிசையைப் பற்றி யார் பேச வந்தாலும் அந்தக் கடலில் கால் நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். பரம்பரை கொடுக்காததை அவர் உட்கார்ந்து சம்பாதித்தார்!

இன்னொரு துணிச்சலையும் சொல்லாமல் விட முடியாது. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் இருந்தவர் வேங்கடமகி. ரி-க சேர்க்கை ஆறு. த-நி சேர்க்கை ஆறு. மத்திமம் இரண்டு. பெருக்கு: 72 மேளகர்த்தா, 72 தாய் ராகம்!

அன்று வழக்கில் இருந்தவை எத்தனை? 19! மீதி 53-க்கு ஒரு பாட்டுகூட இல்லை. இல்லாத இசைக்கு இடம் போட்டு வைத்தார் அந்த மனிதர்!

யார் குடியேறினார்கள்? பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக. இருபதாம் நூற்றாண்டில் கோடீஸ்வர ஐயர் 72-க்கும் தமிழிலேயே கீர்த்தனை செய்து முடித்தார். கணக்கில் மட்டும் இருந்த ராகத்துக்கு உயிர் வந்தது!

"இதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது, எனக்கென்ன மிச்சம்?" என்று நீ கேட்கத் துடிக்கிறாய். கேள், மிச்சத்தைச் சொல்கிறேன்.

எட்டயபுரம் சமஸ்தானத்தில் சுப்பராம தீட்சிதர். வயலினைக் கற்ற பாலுஸ்வாமி தீட்சிதரின் பேரர், அவராலேயே சுவீகாரம் எடுக்கப்பட்டவர். குடும்பச் சொத்தாகக் காத்த கீர்த்தனைகளை ஊருக்குக் கொடுக்க முதலில் தயங்கினார். வேண்டிக்கொண்டவர் சின்னஸ்வாமி முதலியார். இசையை அச்சேற்றியே ஆகவேண்டும் என்று பொருளை இழந்து, உடல் நலத்தை இழந்து, அப்போதும் விடாத மனிதர்.

1904-இல் 'சங்கீத சம்ப்ரதாய ப்ரதர்சினி' வெளிவந்தது. தீட்சிதருக்கு அப்போது 65 வயது! உனக்கு வயதாகிவிட்டதா?

ஸ்வரத்தை மட்டும் எழுதினால் நம் இசை பிடிபடாது என்று அவருக்குத் தெரியும். அசைவு வேண்டும். கமகம் வேண்டும். அதனால் ஒவ்வொரு கமகத்துக்கும் ஒரு குறி வைத்து அச்சேற்றினார்.

முழுதாகப் பிடிபட்டதா? இல்லை. தோடியின் காந்தாரம் எப்படி அசைகிறது என்று எழுத்தில் பார்த்து மட்டும் ஒரு குழந்தை இன்றும் பாட முடியாது. குருவின் வாயைத்தான் பார்க்க வேண்டும். கீதோவுக்கு முன்னால் ஐரோப்பா இருந்த அதே நிலை!

நூறாண்டுக்கு மேலாகக் காத்துக்கிடக்கும் வேலை இது. எழுத முடியாது என்பார்கள். ஆமாம், இசிடோரும் அப்படித்தான் சொன்னார்.

உன் கையில் இருக்கும் செல்போன் ஒலியைப் பதிவு செய்யும். அலையாக வரைந்தும் காட்டும். தீட்சிதருக்கு இதில் பாதியாவது கிடைத்ததா?

உட்கார். ஒரே ஒரு ராகம். அதில் ஒரே ஒரு ஸ்வரம். பாடிப் பதிவு செய். அசைவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு ஏறுகிறது, எங்கே நின்று திரும்புகிறது? காகிதத்தில் குறி. அடுத்த அறையில் இருப்பவரிடம் கொடுத்து, உன் குரலைக் கேட்காமல் பாடச் சொல்.

தப்பாகத்தான் பாடுவார். காகிதத்தைத் திரும்ப வாங்கு. எந்த இடத்தில் பிசகியது என்று கேள். குறியை மாற்று. மறுபடி கொடு!